சமையலறைக் கேள்விகள்: நைஜீரிய வீட்டுச் சாப்பாடு

கேள்வி: கணவரின் வேலை காரணமாக லாகோசில் குடியேறியிருக்கிறோம். பக்கத்து வீட்டு அம்மையார் செய்து தரும் ஜொலோஃப் சோறு செக்கச்செவேலென்று உதிரியாக இருக்கிறது. நான் செய்தால் தக்காளியின் பச்சை வாடை போவதில்லை, சோறும் குழைந்துவிடுகிறது. என்ன செய்ய வேண்டும்?
– ஒரு வாசகி, லாகோஸ்

பதில்: அரைத்த விழுது சுண்டுவதற்கு முன்பே நீங்கள் அரிசியைச் சேர்த்துவிடுகிறீர்கள் என்று தோன்றுகிறது. தக்காளி, தட்டாசே எனப்படும் சிவப்பு மிளகாய், வெங்காயம், அட்டா ரோடோ என்னும் குட்டை மிளகாய் ஆகியவற்றை அரைத்தால் கிடைப்பதில் பெரும்பகுதி தண்ணீர்தான். எனவே அவ்விழுதை முதலில் எண்ணெய் விடாமல் தனியே கொதிக்கவைத்து, கரண்டியில் எடுத்தால் வழியாத பதத்துக்கு வற்றவிடுங்கள். பிறகு எண்ணெயைத் தாராளமாக ஊற்றி, நறுக்கிய வெங்காயத்தை வதக்கி, டப்பாவில் விற்கும் தக்காளிப் பசையை அதிலேயே சில நிமிடங்கள் வறுத்து, வற்றிய விழுதைச் சேர்த்து, எண்ணெய் பிரிந்து மேலே வரும்வரை அடிபிடிக்காமல் கிளறுங்கள். இந்த வேலைக்கு அரை மணி நேரம் ஆனாலும் ஆகட்டும். இதில் அவசரப்பட்டால் பின்னால் எந்தப் பொடியைத் தூவியும் அந்த வாடையை மறைக்க முடியாது.

அதன்பின் காய்ந்த தைம் இலை, பிரிஞ்சி இலை, கறித்தூள், உப்பு, இறைச்சி வேகவைத்த சாறு. கறித்தூளை நைஜீரியக் கடையிலேயே வாங்குங்கள். அது மஞ்சள் தூக்கலாக, காரமில்லாமல் இருக்கும். ஊரிலிருந்து கொண்டுபோன கரம் மசாலாவைப் போட்டால் வருவது தக்காளி பிரியாணியே அன்றி ஜொலோஃப் அன்று. நீண்ட புழுங்கல் அரிசியை மாவு போகக் கழுவிச் சேர்த்து, சாறு அரிசியின் மட்டத்துக்கு மேல் ஏறாமல் பார்த்துக்கொண்டு, அலுமினியத் தாளால் வாயை இறுக மூடி, அதன்மேல் தட்டையும் வைத்துச் சிறு தீயில் வேகவிடுங்கள். இடையில் ஒருமுறை அடியோடு புரட்டினால் போதும். அடியில் லேசாகக் கருகினால் கவலை வேண்டாம். கல்யாண வீடுகளில் விறகடுப்பில் பெரிய அண்டாவில் ஆக்கும் சோற்றின் புகைமணத்தைத்தான் எல்லாரும் வீட்டில் வரவழைக்கப் பார்க்கிறார்கள். (கானாக்காரர்கள் எதிரில் இந்தச் சோற்றைப் பற்றிப் பேச்செடுக்காதீர்கள், எவருடையது சிறந்தது என்ற வழக்கு இன்னும் தீரவில்லை.)

கேள்வி: நாங்கள் சைவம். முலாம்பழம் போன்ற ஒரு காயின் விதையில் செய்யும் எகுசிக் குழம்பைச் சைவமாகச் செய்ய இயலுமா?
– ஒரு வாசகர், அபுஜா

பதில்: இயலும், ஆனால் உலர்ந்த மீனும் பொடித்த கூனியும் தரும் ஆழ்ந்த சுவைக்கு ஈடாக ஒன்றைச் சேர்த்தாக வேண்டும். சந்தையில் கிடைக்கும் இரு என்னும் புளிக்கவைத்த விதை அதற்குப் பொருத்தமானது. மூக்கைப் பிடிக்கும் அதன் வாடைக்கு அஞ்ச வேண்டாம். எண்ணெயில் வதங்கியதும் அடங்கிவிடும். சிவந்த பனையெண்ணெயை இளஞ்சூட்டில் உருக்கி, வெங்காயத்தையும் இருவையும் வதக்கி, சுண்டவைத்த மிளகாய் விழுதைச் சேர்த்துக் கொதிக்கவிடுங்கள். எகுசி விதைப் பொடியைச் சிறிது தண்ணீர் விட்டுக் கெட்டியாகப் பிசைந்து, கொதிக்கும் குழம்பில் கிள்ளிக் கிள்ளிப் போட்டு, பத்து நிமிடம் கரண்டியே வைக்காமல் மூடி வையுங்கள். உடனே கிளறினால் உருண்டைகள் கரைந்துவிடும். உகுக் கீரையை இறக்குவதற்குச் சற்று முன் சேர்த்தால் போதும். நம் நியாய விலைக் கடைப் பாமாயில் சுத்திகரிக்கப்பட்டது. அதில் இந்த நிறமும் வராது, மணமும் வராது.

கேள்வி: அகாரா என்பது நம் வடைதானா? காராமணியில் செய்து பார்த்தேன். கல் போல் வந்தது.
– ஒரு வாசகி, கோயம்புத்தூர்

பதில்: உளுந்து வடைக்கு நெருங்கிய உறவு என்று கொள்ளலாம், ஆனால் மாவு வடை மாவைவிடத் தளர்வாக இருக்கும், கையால் தட்டாமல் கரண்டியால் எண்ணெயில் விடுவார்கள். வெள்ளைக் காராமணியை ஊறவைத்து, தேய்த்து, தோலை முழுவதும் நீக்குங்கள். தோல் தங்கினால் அகாரா கனத்துவிடும். முடிந்தவரை குறைந்த தண்ணீரில் நைய அரைத்து, மாவு வெளுத்து நுரைக்கும்வரை நன்றாக அடியுங்கள். சோடா உப்பு தேவையே இல்லை, உள்ளே புகும் காற்றுதான் அதை உப்பச் செய்கிறது. உப்பும் நறுக்கிய வெங்காயமும் மிளகாயும் பொரிப்பதற்குச் சற்று முன்தான் சேர வேண்டும். முன்னதாகப் போட்டால் மாவு நீர்த்து, அடித்த பயன் கெட்டுப்போகும். நைஜீரியாவில் சனிக்கிழமைக் காலைகளில் ஓகி என்னும் புளித்த சோளக் கஞ்சியுடன் இதை உண்பது பல வீடுகளில் வழக்கம். அடிமைகளாகக் கொண்டுசெல்லப்பட்ட யொருபா மக்களோடு இதே பலகாரம் பிரேசிலின் பாஹியாவுக்குப் போய், அங்கே அகராஜே என்ற பெயரில் இன்றும் தெருக்களில் விற்கப்படுகிறது. இதே பயற்று விழுதில் மிளகாய் விழுதும் எண்ணெயும் கலந்து, இலையில் பொதிந்து ஆவியில் வேகவைத்தால் மொய்மொய். அதற்கு உங்கள் இட்லிப் பானையே போதும்.

கேள்வி: எபா என்னும் மரவள்ளிக் களியைக் கிளறினால் கட்டி கட்டியாகிறது. மேலும், மரவள்ளிக்கிழங்கில் நஞ்சு உண்டு என்கிறார்களே?
– ஒரு வாசகர், போர்ட் ஹார்கோர்ட்

பதில்: பச்சைக் கிழங்கில் சயனைடு தரும் பொருள் இருப்பது உண்மை. துருவி, புளிக்கவைத்து, பிழிந்து, வறுத்துச் செய்யும் காரிக் குருணையில் அதன் பெரும்பகுதி நீங்கிவிடுகிறது என்பதால் முறையாகச் செய்த காரியைத் தயங்காமல் உண்ணலாம். எபா கிளறும்போது காரியின் மேல் தண்ணீரை ஊற்றுவதால்தான் கட்டி விழுகிறது. தளதளவெனக் கொதித்த நீரைக் கிண்ணத்தில் ஊற்றி, தண்ணீர் மறையும்வரை காரியைப் பரவலாகத் தூவி, இரண்டு நிமிடம் மூடி வைத்த பிறகு மரக்கரண்டியால் கிளறுங்கள். ஆறினால் இறுகிவிடும் என்பதால், குழம்பு தயாரான பின்னரே இதைத் தொடங்குங்கள்.