மேலே சூடுன்னா கீழே குளிரா?

"அக்கா, தொண்டியிலேருந்து பெர்லின் வந்து மூணு மாசம் ஆச்சு. வட துருவத்துக்கு மேலே ஸ்ட்ராட்டோஸ்பியர்ங்கிற உயரத்துக் காத்தடுக்கு திடீர்னு சூடாகுதுன்னு செய்தி. அப்ப குளிர் விட்டுருமா? கனத்த கோட்டு வாங்கணுமா?"ன்னு கேட்டிருந்தீங்க. வாங்கிருங்க தம்பி, இந்த வாரமே.

நான் பாம்பன்காரி. துறைமுகத்துல ஒண்ணாம் நம்பர் கூண்டு ஏத்துனா கடல் அன்னைக்குச் சும்மாதான் கிடக்கும். ஆனா எங்கப்பா வல்லத்தைக் கரையேத்திக் கட்டிட்டுத்தான் சோத்துல கை வைப்பாரு. இந்தச் செய்தியும் அந்தக் கூண்டுதான்.

குளிர்காலத்துல துருவத்துல வெயிலே கிடையாது. அங்க 30 கிலோமீட்டர் உயரத்துல மேக்கேயிருந்து ஒரு காத்து வளையமாச் சுத்திக்கிட்டே இருக்கும். மலைகளும் நிலமும் கடலும் கிளப்புற பெரிய காத்தலைகள் மேலே ஏறி அதுல மோதி உடையும். சில வருஷம் மோதுற வேகத்துல வளையமே கலைஞ்சு, காத்து கிழக்கேயிருந்து திருப்பி வீச ஆரம்பிச்சுரும். அப்போ துருவத்து மேல்காத்து கீழே அமுங்கும். அமுங்குனா சூடாகும், நாலஞ்சு நாள்ல 50 டிகிரி வரைக்கும்கூட. அந்தச் சூடு நம்மகிட்ட வராது. காத்தோட தளர்ச்சிதான் ரெண்டு மூணு வாரத்துல படிப்படியா இறங்கும். அட்லாண்டிக்லேருந்து இதமா வர்ற மேக்குக் காத்து சோர்ந்துபோக, ரஷ்யாப் பக்கத்துக் குளிர் வழி கிடைச்சு உள்ளே வந்துரும்.

2018 பிப்ரவரி 12 வாக்குல அப்படித்தான் காத்து திரும்புச்சு. மாசக் கடைசியில ஐரோப்பாவுல குளிர் இறங்குச்சு. தலைக்குக் குளிச்சிட்டு ஈரத்தோட பஸ்ஸுக்கு நின்னேன். அஞ்சு நிமிஷத்துல முடி நுனியெல்லாம் ஈர்க்குச்சி மாதிரி விறைச்சு, தொட்டா சத்தம் கேட்டுச்சு. நீங்க அந்தத் தப்பைப் பண்ணாதீங்க.

எல்லாத் தடவையும் கீழே வரைக்கும் இறங்காது. ஏறக்குறைய மூணுக்கு ரெண்டு தடவைதான். கூண்டு ஏத்துன பிறகும் புயல் ஆந்திரா பக்கம் போயிருதே, அப்படித்தான்.

இதை முதல்ல கண்டுபிடிச்சதே நீங்க இருக்கிற ஊர்லதான். 1952-ல ரிச்சர்ட் ஷெர்ஹாக்னு ஒரு வானிலை ஆய்வாளர் பலூன் விட்டு அளந்தப்ப, மேலே வெப்பம் திடீர்னு எகிறுனதைப் பார்த்தாரு.

எனக்கு நெஞ்சுல நிக்கிறது இன்னொண்ணு. நில நடுக்கோட்டுப் பக்கம் 20, 30 கிலோமீட்டர் உயரத்துல வீசுற காத்து, கிழக்கும் மேக்குமா மாறிமாறி, ஒரு சுத்து முடிய சுமார் 28 மாசம் ஆகும். நம்ம பாம்பனும் தொண்டியும் அந்தக் காத்துக்குக் கீழேதான் இருக்கு. அது கிழக்கேயிருந்து வீசுற குளிர்காலத்துல வட துருவத்து வளையம் கலைய வாய்ப்புக் கூடுதல். வாடைக்காத்தும் கச்சான்காத்தும் பார்த்து, மீன்பிடிக்க வடகடலா தென்கடலான்னு முடிவு பண்ணுன சனம் நாம. நம்ம தலைக்கு மேல உள்ள காத்துக்கும் இந்த ஊர்க் குளிருக்கும் இப்படி ஒரு தொடுப்பு இருக்குன்னு தெரிஞ்சப்ப, அம்மாவுக்கு உடனே போன் போட்டுச் சொன்னேன்.

கோட்டு காத்துப் புகாததாப் பாருங்க. உள்ளே ரெண்டு மெல்லிசுச் சட்டை போட்டுக்கங்க. பிப்ரவரியில ஊருக்குப் போறதா இருந்தா ஹீட்டரை முழுசா அணைச்சிராதீங்க, குழாய்த் தண்ணி உறைஞ்சு வெடிச்சுரும். திருகுல நட்சத்திரம் மாதிரி ஒரு குறி இருக்கும், அதுல வச்சிட்டுக் கிளம்புங்க.