கப்பல் நேரமா, கரை நேரமா?

கேள்வி: சிங்கப்பூரில் கப்பலேறி பினாங்கு, புக்கெட் போய்த் திரும்ப, அப்பா அம்மாவோடு பதிவு செய்திருக்கிறோம். அம்மாவுக்கு மூட்டுவலி. ஊரில் இறங்கும் நாளில் கப்பல்காரர்களின் டூர் எடுப்பதா, நாமே சுற்றுவதா? வரத் தாமதமானால் கப்பல் நிற்குமா?
— வாசகி, அஸ்தம்பட்டி, சேலம்

பதில்: தனியாகப் போனவர்களுக்காகக் கப்பல் நிற்காது. கப்பலின் டூர் பஸ் தாமதமானால் பெரும்பாலும் காத்திருக்கும். டூருக்குக் கூடுதல் காசு கொடுப்பது அதற்காகத்தான். எங்கள் யோசனை: பினாங்கில் நீங்களே சுற்றுங்கள், புக்கெட்டில் கப்பல் டூர் எடுங்கள்.

பினாங்கில் கப்பல் ஸ்வெட்டன்ஹாம் துறையிலேயே அணையும். எதிரே கார்ன்வாலிஸ் கோட்டை. லிட்டில் இந்தியாவும் குயின் தெரு மகாமாரியம்மன் கோயிலும் நடை தூரம்தான். அம்மாவுக்கு கிராப் (போன் செயலி) டாக்ஸி பிடியுங்கள். மதியம் நடை சாத்திவிடுவார்கள், அதனால் முதலில் கோயில், பிறகு வாழையிலைச் சாப்பாடு. பினாங்கு மலை ரயிலுக்கு விடுமுறை நாளில் வரிசை நீளம். அரை நாள்தான் கையில் இருக்கிறதென்றால் மலையை விட்டுவிடுங்கள், ஏற்காடு பார்த்தவர்களுக்குப் பெரிய இழப்பில்லை.

புக்கெட்டில்தான் கவனம் தேவை. பல கப்பல்கள் படோங் கடற்கரைக்கு அப்பால் நங்கூரமிட்டு, சிறு படகில் கரை சேர்க்கும். ஆடும் படகில் கால் வைக்கும் அந்த ஒரு அடிதான் மூட்டுவலிக்காரர்களுக்குச் சிரமம். சிப்பந்திகள் இருபுறமும் கைபிடித்து இறக்குவார்கள். அவசரப்படாமல், முதல் கூட்டம் போனபின் இறங்கச் சொல்லுங்கள். அலை அதிகமென்றால் இறங்குவதையே ரத்து செய்வார்கள். அப்போது கப்பல் டூர் பணம் திரும்ப வரும், வெளியாளுக்குக் கொடுத்த முன்பணம் வருவது சந்தேகம்.

பலர் ஏமாறுவது நேரத்தில். புக்கெட் இருக்கும் தாய்லாந்து, சிங்கப்பூரைவிட 1 மணி நேரம் பின்னால். கப்பல் சிங்கப்பூர் நேரத்திலேயே ஓடினால், உங்கள் செல்போன் 4 காட்டும்போது கப்பலில் மணி 5. இறங்குமுன் போனில் தானியங்கி நேரத்தை அணைத்துவிடுங்கள். அப்பாவின் கைக்கடிகாரத்தைக் கப்பல் நேரத்துக்கு வைத்தால் இன்னும் நல்லது. ஏற வேண்டிய கடைசி நேரம், கப்பல் கிளம்பும் நேரத்துக்கு அரை மணி முதல் 1 மணி முன்பே முடியும்; கடைசிப் படகின் நேரத்தையும் கேட்டு வையுங்கள்.

பையில் கப்பல் அட்டை, பாஸ்போர்ட் நகல், ஒரு ராத்திரிக்கான மாத்திரைகள், அன்றைய கப்பல் தாள் (கப்பலில் தரும் அன்றைய நிகழ்ச்சி விவரம்) இருக்கட்டும். மாம்பழம் உட்பட எந்தப் பழத்தையும் கரைக்குக் கொண்டுபோக வேண்டாம். கப்பல் தாளில் துறைமுக ஏஜெண்ட்டின் (கரையில் கப்பல் நிறுவனத்தின் பிரதிநிதி) எண் இருக்கும். கப்பலைத் தவறவிட்டால் முதலில் அவரைத்தான் அழைக்க வேண்டும். கப்பல்காரர்கள் உங்கள் அறையிலுள்ள பாஸ்போர்ட்டை எடுத்து அவரிடம் ஒப்படைத்துவிட்டுப் போகும் வழக்கம் உண்டு. மேற்கொண்டு ஆகும் செலவு உங்களுடையது. புக்கெட்டிலிருந்து சிங்கப்பூருக்கு நேரடி விமானங்கள் உண்டு.