ராசியில்லாத ரசிகை

மதிப்பிற்குரிய ஆலோசகர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் பகுதிக்கு வருகிற கடிதங்களில் மாமியார், கணவர், படிக்காத பிள்ளை என்று யாராவது இருப்பார்கள். என் கடிதத்தில் இருப்பது ஒரு கால்பந்து அணி. படித்துவிட்டுச் சிரித்தாலும் பரவாயில்லை. வேறு யாரிடமும் இதைச் சொல்ல முடியவில்லை.

எனக்கு வயது நாற்பத்தெட்டு. கும்பகோணம் பக்கம். கணவரின் வேலை காரணமாக 2013-இல் சிட்னிக்கு வந்தோம். வென்ட்வொர்த்வில்லில் குடியிருக்கிறோம், ஒரு முதியோர் இல்லத்தில் பராமரிப்பாளராக இருக்கிறேன். வந்த புதிதில் காலைத் தேநீர் வேளை என்றாலே எனக்கு வயிற்றைக் கலக்கும். எல்லோரும் ஃபுட்டி எனப்படும் ஆஸ்திரேலியக் கால்பந்து பற்றிப் பேசுவார்கள். நான் கோப்பையைக் கழுவுவதுபோல் குழாயடியில் நின்றுகொண்டிருப்பேன்.

அந்த இல்லத்தில் இருந்த ஒரு மூதாட்டிதான் எனக்கு ஆட்டத்தைச் சொல்லிக்கொடுத்தார். சவுத் மெல்போர்னில் பிறந்தவர். அந்த ஊர் அணிதான் 1982-இல் சிட்னிக்குக் குடிபெயர்ந்து சிட்னி ஸ்வான்ஸ் ஆனது. "நான் முதலில் வந்தேன், என் அணி என்னைத் தேடிக்கொண்டு பின்னால் வந்தது" என்பார். பக்கத்துக்குப் பதினெட்டுப் பேர். கிரிக்கெட் மைதானம் முழுவதும் களம். இரண்டு முனையிலும் நான்கு நான்கு கம்பங்கள். நடு இரண்டுக்கு இடையே உதைத்தால் கோல், அதற்கு ஆறு புள்ளி; ஓரத்து இடைவெளியில் போனால் ஒன்று. இவ்வளவுதான் என்றார். எதிராளியின் முதுகில் முழங்காலை ஊன்றி ஏறிப் பந்தைப் பிடிக்கலாம் என்பதை மட்டும் சொல்லவில்லை. முதன்முதலில் அதைப் பார்த்தபோது நடுவர் தண்டனை கொடுப்பார் என்று காத்திருந்தேன். அவரோ ஏறியவனுக்கே பந்தைக் கொடுத்தார். அன்று பிடித்துக்கொண்ட பித்து இது.

என் கவலைக்கு வருகிறேன். நாங்கள் இங்கே வருவதற்கு முந்தைய ஆண்டு, 2012-இல், ஸ்வான்ஸ் கோப்பை வென்றது. நான் வந்த பிறகு நான்கு முறை கிராண்ட் ஃபைனல் எனப்படும் இறுதிப் போட்டிக்குப் போய்விட்டது. 2014-இல் ஹாதார்னிடம் 63 புள்ளி, 2016-இல் வெஸ்டர்ன் புல்டாக்ஸிடம் 22, 2022-இல் ஜீலாங்கிடம் 81, 2024-இல் பிரிஸ்பேனிடம் 60. நான்கும் தோல்வி. நான் வந்த நேரம் அப்படி.

இதில் 2024-ஐத்தான் என்னால் தாங்க முடியவில்லை. முதல் பதினான்கு ஆட்டங்களில் பதின்மூன்று வெற்றி. நடுவில் சறுக்கினாலும் புள்ளிப் பட்டியலில் முதலிடம். இறுதிச் சுற்றின் முதல் ஆட்டம் இதே ஊரின் இன்னொரு அணியான ஜயன்ட்ஸுடன். மகளுக்குக் காய்ச்சல் என்பதால் வீட்டில் பார்த்தோம். முக்கால்வாசி ஆட்டம் முடிந்தபோது மூன்று கோலுக்கு மேல் பின்தங்கியிருந்தார்கள். பார்க்க மனம் வராமல் சமையலறைக்குப் போய் மறுநாளுக்கு உளுந்து களைந்துகொண்டிருந்தேன். மகள் கூடத்திலிருந்து கத்தினாள், மறுபடி கத்தினாள். கடைசியில் ஆறு புள்ளியில் வென்றுவிட்டார்கள். "நீ அங்கேயே நின்றதால்தான் அம்மா" என்றாள். விளையாட்டாகத்தான் சொன்னாள்.

அடுத்து பிரிலிமினரி ஃபைனல், அதாவது அரையிறுதி. போர்ட் அடிலெய்டை 36 புள்ளி வித்தியாசத்தில் வென்றதை மைதானத்திலேயே பார்த்தோம். திங்கட்கிழமை சிவப்பு வெள்ளை ஸ்கார்ஃப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனேன். தேநீர் அறையில் என்னைச் சுற்றித்தான் பேச்சு. ஐசக் ஹீனியா, எரல் குல்டனா, யார் இந்த சீசனின் சிறந்த ஆட்டக்காரர் என்று என்னைக் கேட்டார்கள். என்னை!

செப்டம்பர் 28, மெல்போர்னில் இறுதிப் போட்டி. இரண்டாம் கால் பகுதியில் பிரிஸ்பேன் கோல் மேல் கோலாகப் போட, மகள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். ஒன்றும் சொல்லவில்லை. நானே எழுந்து போய் அடுப்பில் ரசத்தை வைத்துவிட்டு நின்றேன். எதுவும் மாறவில்லை. இடைவேளைக்குள்ளேயே எல்லாம் முடிந்திருந்தது. கொஞ்சம் முன்னாலேயே எழுந்து போயிருக்க வேண்டுமோ என்று இன்றைக்கும் இரவில் தோன்றுகிறது. பைத்தியக்காரத்தனம் என்று தெரிந்தேதான் எழுதுகிறேன்.

அன்று மடித்து வைத்த ஸ்கார்ஃபைப் பிறகு எடுக்கவே இல்லை. திங்கட்கிழமை தேநீர் அறையில் யாரும் கேலி செய்யவில்லை. அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது. அந்த நவம்பரில் பயிற்சியாளர் ஜான் லாங்மயர் விலகினார், டீன் காக்ஸ் வந்தார். 2025-இல் அணி பத்தாம் இடம். ஓர் ஆட்டத்தைக்கூட நான் முழுதாகப் பார்க்கவில்லை. 2024 சீசனை நினைத்தால் அந்த ஒரு பிற்பகல்தான் நினைவுக்கு வருகிறது. கணவர், "பதினெட்டு வெள்ளைக்காரர்கள் தோற்றதற்கு நீ ஏன் முகத்தைத் தூக்கி வைத்திருக்கிறாய்" என்கிறார். 2023 உலகக் கோப்பையில் தொடர்ந்து பத்து ஆட்டம் வென்ற இந்தியா அகமதாபாத்தில் ஆஸ்திரேலியாவிடம் தோற்றபோது அலுவலகத்துக்கு விடுப்புச் சொன்னவர் இவர்.

இப்போது மகள் தன் பகுதிநேரச் சம்பளத்தில் 2026-க்கு எனக்கும் சேர்த்து உறுப்பினர் கட்டணம் கட்டிவிட்டாள். போவதா, வேண்டாமா? அத்தனை வாரமும் மனதைக் கொடுத்தது வீண்தானா? நான் விலகி இருப்பது அணிக்கே நல்லதோ என்றுகூடத் தோன்றுகிறது.

இப்படிக்கு,
பெயர் வேண்டாம், சிட்னி

அன்புள்ள சகோதரிக்கு,

சிரிக்கவில்லை. உங்கள் கணவரைப் பற்றிய வரியில் மட்டும் கொஞ்சம் சிரித்தேன்.

கடைசியில் நீங்கள் தயங்கித் தயங்கிச் சொன்ன ராசியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். மற்ற இரண்டு கேள்விகளையும் அதுதான் பிடித்துவைத்திருக்கிறது என்று நினைக்கிறேன். வென்ட்வொர்த்வில் சமையலறைக்கும் மெல்போர்ன் மைதானத்துக்கும் தொடர்பில்லை என்று நான் நிரூபிக்கப் போவதில்லை. அது உங்களுக்கே தெரியும். தெரிந்தும் ஏன் விட முடியவில்லை என்பதுதான் கேள்வி. எலன் லாங்கர் என்ற அமெரிக்க உளவியலாளர் 1975-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. லாட்டரிச் சீட்டைத் தாமே தேர்ந்தெடுத்தவர்கள், யாரோ எடுத்துக் கொடுத்த சீட்டை வைத்திருந்தவர்களைவிட அதற்கு மிக அதிக விலை கேட்டார்கள். இரண்டுக்கும் பரிசு விழும் வாய்ப்பு ஒன்றுதான். தன் கைபட்டால் விளைவு மாறும் என்ற நம்பிக்கை படித்தவர், படிக்காதவர் எல்லோருக்குள்ளும் இருக்கிறது. நமக்கு மிகவும் வேண்டிய ஒன்று நம் கையில் சற்றும் இல்லை என்னும்போது அது இன்னும் வலுக்கிறது. "முன்னாலேயே எழுந்து போயிருக்க வேண்டும்" என்று உங்களைக் குறை சொல்லிக்கொள்வது வேதனைதான். ஆனால் "நான் என்ன செய்திருந்தாலும் தோற்றுத்தான் இருப்பார்கள்" என்பது அதைவிடப் பெரிய வேதனை. மனம் சின்ன வேதனையைத் தேர்ந்தெடுத்துக்கொண்டது. முதியோர் இல்லத்தில் வேலை செய்கிற உங்களுக்கு இது புதிதாக இருக்காது. பெற்றவர்களை இழந்த பிள்ளைகள், "ஒருநாள் முன்னால் டாக்டரிடம் காட்டியிருந்தால்" என்று சொல்வதை எத்தனையோ முறை கேட்டிருப்பீர்கள். அவர்களுக்கு என்ன பதில் சொல்வீர்கள்?

அதோடு உங்கள் கணக்கே நேர்மையாக இல்லை, சகோதரி. பிரிலிமினரி ஃபைனலில் ஒரு நிமிடமும் ஒளிந்துகொள்ளாமல் நேரில் உட்கார்ந்து பார்த்தீர்கள். 36 புள்ளியில் வென்றார்கள். அது ராசியில் சேரவில்லை. பதின்மூன்று வெற்றிகளும் சேரவில்லை. வென்றால் ஹீனி, தோற்றால் நீங்கள்! இந்தக் கணக்குமுறை சிட்னியில் கற்றதல்ல. மருமகள் வீட்டுக்கு வந்த மாதம் வியாபாரம் படுத்தால் "இவள் வந்த நேரம்" என்பார்கள். வியாபாரம் செழித்தால் மகனின் சாமர்த்தியம் என்பார்கள். நம் ஊர்ப் பெண்கள் பலர் இதைக் கேட்டு வளர்ந்தவர்கள். உங்கள் வீட்டில் யாராவது அப்படிச் சொன்னார்களா என்று நீங்கள் எழுதவில்லை, நானும் ஊகிக்கவில்லை. ஆனால் உங்களை யாரும் குற்றம் சாட்டாத ஓர் இடத்தில், குடிபெயர்ந்த ஆண்டைத் தொடக்கமாக வைத்து, நான்கு தோல்விகளையும் வரிசையாக எழுதி, அடியில் நீங்களே கையெழுத்துப் போட்டிருக்கிறீர்கள். பிரிஸ்பேன் ரசிகை ஒருத்தி 2023-இல் கோலிங்வுட்டிடம் 4 புள்ளியில் தோற்றபோது என்ன நினைத்திருப்பாள்? அடுத்த இரண்டு ஆண்டும் அவள் அணிதான் கோப்பையைத் தூக்கியது. இடையில் அவள் ராசி மாறியிருக்காது.

இனி, வீண்தானா என்ற கேள்வி. இந்த ஆட்டத்தின் அமைப்பே உங்கள் வலியில் பாதிக்குக் காரணம். இங்கிலாந்து கால்பந்து லீகில் பட்டியலில் முதலிடம் பெற்றால் அதுவே பட்டம். ஆஸ்திரேலியாவில் மார்ச் முதல் ஆகஸ்ட் வரை ஆடி முதலிடம் பெற்றவர்களும் மீண்டும் இறுதிச் சுற்றில் நிற்க வேண்டும். கடைசியில் ஒரே ஒரு பிற்பகல்தான் பேசும். ஸ்வான்ஸ் 2014, 2016, 2024 மூன்றிலும் பட்டியலில் முதலிடம். வேறோர் அமைப்பில் இவை மூன்று கோப்பைகள். இங்கே இவற்றை யாரும் கொண்டாடுவதில்லை.

நினைவும் இதே ஓரவஞ்சனையைத்தான் செய்கிறது. டேனியல் கானமன் என்ற உளவியலாளர், ரெடல்மையர் என்ற மருத்துவருடன் சேர்ந்து, பெருங்குடல் பரிசோதனைக்கு வந்த நோயாளிகளிடம் நிமிடத்துக்கு நிமிடம் வலியைக் கேட்டுப் பதிவு செய்தார். பிறகு மொத்தத்தில் எவ்வளவு வலித்தது என்று கேட்டார்கள். பதிலைத் தீர்மானித்தவை உச்சகட்ட வலியும் கடைசி நேரத்து வலியும்தான். பரிசோதனை எவ்வளவு நேரம் நடந்தது என்பதற்கு அதில் இடமே இல்லை. உங்கள் 2024-க்கும் அதுதான் நேர்ந்திருக்கிறது. ஆறு மாத மகிழ்ச்சி அதன் நீளத்தால் எடை பெறவில்லை. அந்த மகிழ்ச்சி நடக்காமல் போகவில்லை. நினைவு அதைக் கணக்கில் எடுக்கவில்லை, அவ்வளவுதான்.

ஆகவே ஒரு வேலை தருகிறேன். அந்த ஜயன்ட்ஸ் ஆட்டத்தின் முழு ஒளிப்பதிவைத் தேடி எடுங்கள். சுருக்கம் வேண்டாம். மகளோடு உட்கார்ந்து கடைசிக் கால் பகுதியைப் பாருங்கள். அவள் கத்தியது காதில் விழுந்ததே தவிர எதற்குக் கத்தினாள் என்பதை நீங்கள் பார்க்கவே இல்லையே. அந்த சீசனின் மிகச் சிறந்த அரை மணி நேரம் உங்களுக்கு இன்னும் பாக்கி இருக்கிறது. பிரிஸ்பேன் ஆட்டத்தை இப்போதைக்குத் தொட வேண்டாம். மனதை உறுதியாக்குகிறேன் என்று அதைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறவர்கள் உண்டு. அதனால் பலன் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

தேநீர் அறை பற்றி. சால்டினி என்ற உளவியலாளரின் குழுவினர் 1976-இல் வெளியிட்ட ஆய்வில், தங்கள் பல்கலைக்கழக அணி சனிக்கிழமை வென்றால் திங்கட்கிழமை அதன் சின்னம் போட்ட உடையில் வந்த மாணவர்களின் எண்ணிக்கை கூடியது, தோற்றால் குறைந்தது. ஸ்கார்ஃபை மடித்து வைத்தது நீங்கள் மட்டுமல்ல. ஆனால் ஒன்றைக் கவனித்தீர்களா? உங்கள் கடிதத்தில் தோல்வியை விவரிக்க எடுத்துக்கொண்ட இடத்தைவிடத் தேநீர் அறைக்குத் தந்த இடம் அதிகம். வென்ற அணியின் ரசிகை என்பதால்தான் அங்கே உட்கார இடம் கிடைத்தது, தோற்றதும் அது போய்விடும் என்று பயந்திருக்கிறீர்கள். அவர்கள் கேலி செய்யாததைக் கஷ்டம் என்கிறீர்கள். எனக்கு அது வேறு மாதிரி தெரிகிறது: துக்க வீட்டில் நடந்துகொள்வதுபோல் உங்களிடம் நடந்துகொண்டிருக்கிறார்கள். வெளியாளிடம் யாரும் அப்படிச் செய்ய மாட்டார்கள்.

ஒரு சிறு எச்சரிக்கை. ஆட்டத்தில் மட்டும் ஆர்வம் போயிருந்தால் பிரச்சினையில்லை. சமையல், தோழிகள், மகளின் பேச்சு என்று மற்றவற்றிலும் நாட்டம் குறைந்திருந்தாலோ, இரவில் தூக்கமின்மை நீடித்தாலோ உங்கள் குடும்ப மருத்துவரைப் பாருங்கள். அவர் மனநலச் சிகிச்சைத் திட்டம் எழுதித் தந்தால் ஆண்டுக்குப் பத்து முறை வரை உளவியலாளரைச் சந்திக்க மெடிகேர் என்ற அரசு மருத்துவக் காப்பீடு உதவித்தொகை தரும்.

உறுப்பினர் கட்டணம் கட்டியாகிவிட்டது, போங்கள். செப்டம்பரை இப்போது நினைக்க வேண்டாம். ஏப்ரலில், தோற்றாலும் யாருக்கும் பெரிய நஷ்டமில்லாத ஓர் ஆட்டமாகப் பாருங்கள். கோடைக்கு முந்தைய பெண்கள் லீகுக்கும் ஒரு நாள் போய்ப் பாருங்கள். ஸ்வான்ஸ் மகளிர் அணி 2022-இல் தன் முதல் சீசனில் ஓர் ஆட்டமும் வெல்லவில்லை; அடுத்த ஆண்டே இறுதிச் சுற்றுக்குத் தேறி அங்கே ஓர் ஆட்டத்தை வென்றது. உங்கள் கணவரையும் கூப்பிடுங்கள். வருவார் என்றுதான் நினைக்கிறேன்; விடுப்புப் போடுகிற அளவுக்குத் தோல்வி தெரிந்தவர். நான்கு கால் பகுதியும் இருக்கையில் உட்கார்ந்தே பாருங்கள். போய் நிற்பதற்கு மைதானத்தில் சமையலறை இல்லை என்பது உங்களுக்கு ஒரு வசதி.

அன்புடன்,
உங்கள் ஆலோசகர்