சுவத்துல ஒட்டியிருந்த வெள்ளரி விதை நடக்குதுங்க!

கேள்வி: அண்ணே, எங்க வீடு தெற்குவாசல் பக்கம், மாமனார் காலத்து வீடு. ரோட்டை மேல மேல போட்டுக்கிட்டே வந்ததுல கீழ் ரூம் நாலு படி பள்ளத்துக்குப் போயிருச்சு, ஜன்னல்ல பாத்தா ரோட்டுல போறவங்க காலு மட்டுந்தான் தெரியும். அதுல கொலு பொம்மைப் பெட்டி, பழைய புக்கு, ஜமுக்காளம்லாம் போட்டு பூட்டி வச்சிருந்தோம். ஐப்பசி மழை விட்டதும் தொறந்து பாத்தா மூணு தினுசு பூச்சி. ஒண்ணு வெள்ளரி விதை மாதிரி சுவத்துல ஒட்டிக்கிட்டு இருக்கு, அழுக்குன்னு நெனச்சு தொடைக்கப் போனா நகருது, இந்தப் பக்கமும் தலை நீட்டுது அந்தப் பக்கமும் தலை நீட்டுது! ரெண்டாவது சாம்பல் கலரு, தொட்டா மிளகு மாதிரி உருண்டுக்குது. மூணாவது வெள்ளியா மின்னிக்கிட்டு வழுக்கிட்டு ஓடுது. பூச்சி மருந்து அடிக்கிறவரு வந்தாரு, படியில நின்னு எட்டிப் பாத்துட்டு எல்லாம் கரையான்தான், தரையில ஓட்டை போட்டு மருந்து எறக்கணும்னு அஞ்சு இலக்கத்துல ரேட்டு சொல்லிட்டுப் போயிட்டாரு. போட்டோ அனுப்பிருக்கேன்.
வாசகி, தெற்குவாசல்

பதில்: தங்கச்சி, மொதல்ல அந்த ரேட்டுக்கு தலையாட்டாதீங்க. போட்டோ பக்கத்துல ஒரு ரூபா காசு வச்சு எடுத்திருக்கீங்க பாருங்க, அதுக்கே ஒரு சபாஷ், சைஸு தெரிஞ்சாத்தான் பாதி பதில் கெடைக்கும், நம்ம ஆளுங்க பாதிப்பேரு பூச்சியை நசுக்கிட்டு அந்தக் கறையை போட்டோ எடுத்து இது என்னன்னு கேக்குறாங்க.

அந்த வெள்ளரி விதை இருக்கே, அது ஒரு குட்டி அந்துப்பூச்சியோட புழு. வாயில நூல் சுரந்து அதுல மண்ணு, தூசி, சுண்ணாம்புப் பொடி எல்லாத்தையும் ஒட்டி, சுமார் 1 செ.மீ. நீளத்துல ஒரு பை தச்சு அதுக்குள்ளயே குடியிருக்கும், எங்க போனாலும் வீட்டை இழுத்துக்கிட்டே போகும். பைக்கு ரெண்டு பக்கமும் வாசல், உள்ளயே திரும்பிக்கும், அதான் உங்களுக்கு ரெண்டு தலைப் பாம்பு மாதிரி தெரிஞ்சிருக்கு. கடிக்காது கொட்டாது. பழைய ஒட்டடை, உதிர்ந்த தலைமுடி, கம்பளி இதுதான் சாப்பாடு. நான் ஒண்ணை ஊறுகாய் பாட்டில்ல போட்டு கொஞ்சம் ஒட்டடையும் போட்டு வச்சிருந்தேன், வீட்டுல ஏச்சு வாங்குனதுதான் மிச்சம், ஆனா கடைசில சாம்பல் கலர்ல அரிசி மாதிரி ஒரு பூச்சி ரெக்கையோட வந்துச்சு. இதுக்கு மருந்தெல்லாம் வேணாம், ஒட்டடைக் குச்சிதான் மருந்து. ஒட்டடை அடிச்சு, மூலையில இருக்கிற முடியைக் கூட்டி அள்ளிட்டா பட்டினியில காலி.

உருண்டுக்கிறது பூச்சியே இல்ல! பூச்சின்னா ஆறு காலு, இதுக்கு 14 காலு, மெதுவா நிமித்திப் போட்டு எண்ணிப் பாருங்க. நண்டு, இறால் வகையறா, தண்ணியை விட்டு கரையேறி வந்த சொந்தக்காரன், இன்னமும் செவுள் மாதிரி ஒண்ணை வச்சு மூச்சு விடுறதால ஈரம் இல்லாத எடத்துல தாங்காது, காஞ்சு செத்துப் போயிரும். அப்ப இது கூட்டமா இருக்குன்னா அந்த ரூம்ல எங்கிட்டோ தண்ணி கசியுதுன்னு அர்த்தம். பாத்ரூம் சுவரு அந்தப் பக்கமா, தெரு வாய்க்கால் ஒட்டிப் போகுதான்னு பாருங்க. அந்த அஞ்சு இலக்கத்துல கொஞ்சத்தை பிளம்பருக்கும் கொத்தனாருக்கும் குடுத்தா மூணு பேருமே கெளம்பிருவாங்க, ஏன்னா மூணுக்குமே ஈரந்தான் புடிக்கும்.

மூணாவதுதான் கொஞ்சம் வில்லன். ராமபாணம். நம்ம தாத்தா பாட்டிக்கெல்லாம் நல்லா தெரியும், புஸ்தகத்துல அம்பு துளைச்ச மாதிரி ஓட்டை விழுகுமே, அதுக்கு நாம திட்டுறது இதைத்தான். ரெக்கை கெடையாது, வால்ல மூணு முடி நீட்டிக்கிட்டு இருக்கும், வருசக்கணக்கா உசுரோட இருக்கும், சோறு இல்லாம மாசக்கணக்குல தாங்கும். பேப்பரு, பைண்டிங் பசை, கஞ்சி போட்ட துணி எல்லாம் தின்னும். கொலு பொம்மை விளாச்சேரி மண் பொம்மைன்னா பயமில்ல, காகிதக்கூழ் பொம்மைன்னா அதுக்கு விருந்து. எல்லாத்தையும் ரெண்டு நாள் வெயில்ல காய வச்சு, மூடி இறுக்கமா இருக்கிற பிளாஸ்டிக் டப்பாவுக்கு மாத்துங்க, அட்டைப்பெட்டி வேணவே வேணாம், அட்டையும் அதுக்குத் தீனிதான்.

கரையானான்னு சந்தேகம் இருந்தா சுவரோரம், கதவு நெலைன்னு டார்ச் அடிச்சுப் பாருங்க. மண்ணால கோடு கோடா குழாய் ஏறியிருக்கும், நெலையைத் தட்டுனா பொத்துன்னு சத்தம் வரும், இல்லாட்டி மழைக்கு ரூமுக்குள்ள இருந்தே ஈசல் கெளம்பும். இதுல ஏதாவது இருந்தா மருந்துக்காரரைக் கூப்பிடுங்க, ஆனா வேற ஆளை.

கேள்வி: டியூப் லைட்டுக்கு வந்த எறும்பு மாதிரி ஒரு பூச்சி கழுத்துல ஊருச்சு, தேய்ச்சு விட்டுட்டேன். மறுநாள் சாட்டையால அடிச்ச மாதிரி கோடு போட்டு செவந்து கொப்புளம். அம்மா அக்கின்னு சொல்லி காவி எழுதக் கூட்டிட்டுப் போறாங்க. நெசமா?
மாணவர், மேலூர்

பதில்: தம்பி, காவி எழுத ஓடாதீங்க. நீங்க சொல்றது பேடரஸ்னு ஒரு வண்டு மாதிரிதான் தெரியுது, ஆரஞ்சும் கறுப்புமா பட்டை பட்டையா, 1 செ.மீ.க்கும் கம்மியா, வாலைத் தூக்கிக்கிட்டு நடக்கும். சில பேரு ஆசிட் ஈன்னு சொல்றாங்க, ஈயும் இல்ல, ஆசிட்டும் இல்ல. கடிக்கவும் தெரியாது, அதோட ரத்தத்துல பெடரின்னு ஒரு விஷம் இருக்கு, நாம நசுக்குனாத்தான் அது தோல்ல படும், ஒடனே தெரியாது, ஒரு நாள் ரெண்டு நாள் கழிச்சுத்தான் வேலையைக் காட்டும். நீங்க தேய்ச்ச வழிதான் அந்தக் கோடு. மேலூர்ப் பக்கம் வயக்காடு, அங்க இது நெல்லைக் கெடுக்குற புகையான் பூச்சியைத் தின்னுட்டுக் கெடக்கும், விவசாயிக்கு நல்லவன், லைட்டைப் பாத்துத்தான் வீட்டுக்கு வருது. இனி ஊருனா ஊதி விடுங்க, நசுங்கிட்டா சோப்பு போட்டு கழுவுங்க, சட்டையும் துவைங்க, அந்தக் கையோட கண்ணைக் கசக்கிராதீங்க. ஆனா டாக்டர்கிட்டயும் காமிங்க, ஏன்னா அக்கிங்கிறது வைரஸ், ஒரு பக்கமா பட்டையா வரும், அதுவா இருந்தா 3 நாளைக்குள்ள மாத்திரை ஆரம்பிக்கணும்.

கேள்வி: பம்ப் செட் ரூம் தரைக்குள்ள இருந்து ராத்திரி கிர்ர்ருன்னு ஒரே சத்தம், மோட்டார்தான் போச்சுன்னு பயந்துட்டேன். தோண்டுனா முன்னங்காலு மண்வெட்டி மாதிரி ஒரு பூச்சி. எங்க ஐயா பாத்துட்டு சிரிச்சிட்டுப் போயிட்டாரு, பேரு கூட சொல்லல.
சோழவந்தான் வாசகர்

பதில்: சிரிக்காம என்ன செய்வாரு, அது பிள்ளைப்பூச்சி! மடியில கட்டிக்கிட்ட கதையா சொல்லுவாங்களே, அதே ஆளு. ஆம்பளைப் பூச்சி கொழாய் ஸ்பீக்கர் மாதிரி வாய் விரிஞ்ச வளையைத் தோண்டி அதுல உக்காந்து பாடும், அதான் அம்புட்டுச் சத்தம். கொடுக்கு கெடையாது, ஒண்ணும் பண்ணாது. ஒரு டம்ளர்ல புடிச்சு வரப்போரமா விட்டுருங்க, நாத்தங்கால் பக்கம் மட்டும் வேணாம், வேரை அறுத்துரும். மோட்டாருக்கு ஒண்ணும் ஆகல, சுவிட்சைப் போடுங்க.