1946-ல் அணுசக்தியைச் சர்வதேச ஆணையத்திடம் கொடுக்க அமெரிக்காவே முன்வந்ததே, ஏன் நடக்கவில்லை? வீட்டோ (ஐ.நா. பாதுகாப்பு அவையில் ஐந்து பெரிய நாடுகளுக்கு உள்ள தடுப்புரிமை) தகராறுதான் காரணமா?

வீட்டோதான் காரணம் என்று நிறையப் பேர் எழுதுகிறார்கள். எனக்கு அதில் முழு உடன்பாடு இல்லை. ‘யார் முதலில் கீழே வைப்பது’ என்ற இடத்தில்தான் பேச்சு முறிந்தது என்பேன்.

1946 மார்ச்சில் அமெரிக்க வெளியுறவுத் துறையின் அச்சிசனும் லிலியந்தாலும் தந்த அச்சிசன்-லிலியந்தால் அறிக்கையிலிருந்து தொடங்க வேண்டும். அணுசக்தியை எப்படிக் கட்டுப்படுத்துவது என்பதுதான் அதன் விஷயம். அதன் பின்னால் இருந்த மூளை பெரும்பாலும், அணுகுண்டை உருவாக்கிய விஞ்ஞானி ஓப்பன்ஹைமருடையது. ஆய்வாளர்களை அனுப்பிக் கண்காணித்தால் மட்டும் போதாது என்பது அவர்கள் வாதம். நியூயார்க்குக்குள் யாராவது குண்டைக் கடத்தி வந்தால் எந்தக் கருவியால் கண்டுபிடிப்பது என்று செனட் விசாரணையில் கேட்டபோது, ஓப்பன்ஹைமர் ‘ஸ்க்ரூ டிரைவர்’ என்றாராம். அதாவது, பெட்டி பெட்டியாகக் கழற்றிப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான்!

அதனால் அறிக்கை வேறு வழி சொன்னது. சுரங்கம் முதல் செறிவூட்டும் ஆலை வரை ஆபத்தான வேலை எல்லாம் ஒரு சர்வதேச ஆணையத்தின் கையில் இருக்கட்டும். அப்புறம் ஏதாவது ஒரு நாடு தனியாக யுரேனியம் தோண்டுவது தெரிந்தாலே போதும், அதுவே அபாய மணி. எதற்குத் தோண்டுகிறாய் என்று துருவ வேண்டியதில்லை. இன்றைக்குப் படித்தாலும் கெட்டிக்கார யோசனையாகத்தான் தெரிகிறது.

யுரேனியத்தோடு, அதைப் போலவே அணுசக்திக்குப் பயன்படக்கூடிய தோரியமும் அந்தக் கணக்கில் இருந்தது. எனக்கு நாகர்கோவில் பக்கம். மணவாளக்குறிச்சி மணலில் இருக்கும் மோனசைட் என்ற கனிமத்தில் தோரியம் உண்டு; அப்போது அது திருவிதாங்கூர் சமஸ்தானம். திட்டம் நிறைவேறியிருந்தால் நாங்கள் விளையாடிய கடற்கரைக்கும் அந்த ஆணையத்தின் ஆட்கள் வந்திருப்பார்கள்.

சரி, வீட்டோவுக்கு வருவோம். ஜூன் 14 அன்று நியூயார்க் ஹண்டர் கல்லூரியில் இதை ஐ.நா. முன் வைத்தவர் 75 வயது பெர்னார்ட் பாரூக், வால் ஸ்ட்ரீட் பெரும்புள்ளி. விதியை மீறும் நாட்டுக்குத் தண்டனை, அதைத் தடுக்க யாருக்கும் வீட்டோ கிடையாது என்று அவர் சேர்த்தார். அச்சிசனுக்கே அது பிடிக்கவில்லை. ஐந்தே நாளில் சோவியத் பிரதிநிதி குரோமிகோ எதிர்த்திட்டம் வைத்தார்: முதலில் தடை, கையிலிருக்கும் குண்டுகளை மூன்று மாதத்தில் அழிப்பது, கட்டுப்பாட்டு ஏற்பாட்டை அதற்கப்புறம் பேசலாம்.

அமெரிக்கத் திட்டமோ இதற்கு நேர் தலைகீழ்: கட்டுப்பாடு படிப்படியாக வரட்டும், அதுவரை குண்டு எங்களிடமே இருக்கும். இந்த முடிச்சு பாரூக் போட்டதல்ல, மார்ச் அறிக்கையிலேயே இருந்தது. வீட்டோ வரியை அடித்திருந்தாலும் ஸ்டாலின் வெளிநாட்டாரைத் தன் சுரங்கத்துக்குள் விட்டிருப்பார் என்று நான் நம்பவில்லை.

பேச்சு நடந்துகொண்டிருக்கும்போதே ஜூலை 1-ல் அமெரிக்கா பிகினி தீவில் குண்டு வெடித்துப் பார்த்தது. ஆகஸ்டில், குண்டு செய்யக் கூடவே உழைத்த பிரிட்டனுக்குக்கூட ரகசியத்தைச் சொல்லக்கூடாது என்று சட்டம் போட்டது. சோவியத்தும் சும்மா இல்லை. ஸ்டாலினின் ரகசியப் போலீஸ் தலைவர் லாவ்ரெண்டி பெரியாவின் தலைமையில், குண்டு செய்ய 1945 ஆகஸ்டிலேயே தனிக்குழு அமைத்தாகிவிட்டது.

டிசம்பர் 30-ல், இந்தப் பேச்சு நடந்த ஐ.நா. அணுசக்தி ஆணையம் அமெரிக்கத் திட்டத்தை 10-0 என்று ஏற்றது. சோவியத்தும் போலந்தும் வாக்களிக்கவில்லை; சோவியத் சேராததால் திட்டம் காகிதத்தோடு நின்றது. அதற்கு ஐந்து நாள் முன்புதான் மாஸ்கோவில் சோவியத் அணு விஞ்ஞானி குர்ச்சத்தோவின் அணு உலை முதன்முறையாக இயங்கியிருந்தது.