லண்டனிலிருந்து ஆர்மீனியாவுக்கு நிதி திரட்டக் கார் ஓட்டிப் போவதில் பயன் உண்டா?

கேள்வி கேட்டவரும் நண்பர்களும் ஒரு பழைய சின்னக் காரை எடுத்துக்கொண்டு லண்டனிலிருந்து ஆர்மீனியத் தலைநகர் யெரெவான் வரை ஓட்டிப்போய், ஆர்மீனியக் குழந்தைகளுக்காக நிதி திரட்டப் போகிறார்களாம். "பெட்ரோலுக்குக் கொட்டுகிற பணத்தை அப்படியே அனுப்பிவிட்டால் என்ன?" என்று வீட்டில் கேட்கிறார்களாம். நான் இங்கிலாந்தில் வேலை பார்த்தபோது இப்படி ஒரு குழுவோடு போயிருக்கிறேன். எங்களைக் கிளப்பிவிட்டது அலுவலகத்தில் இருந்த ஒரு ஆர்மீனியத் தோழி. கணக்கு வழக்கு என் பொறுப்பு. அதனால் பணத்திலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

பெட்ரோல், காப்பீடு, சாப்பாடு, தங்கும் செலவு, வழியில் வண்டி படுத்துவிட்டால் ஆகும் ரிப்பேர் செலவு, எல்லாமே உங்கள் சொந்தக் காசு. நன்கொடையில் ஒரு பைசா கூட வண்டிக்குப் போகக் கூடாது, அது உங்கள் கைக்கே வர வேண்டாம், கொடுப்பவர் நேராகத் தொண்டு அமைப்பின் கணக்கில் போடுகிற மாதிரி ஏற்பாடு செய்துவிட்டுத்தான் கிளம்ப வேண்டும். இதைச் செய்துவிட்டால் வீட்டில் கேட்கிற கேள்விக்குப் பதில் கிடைத்துவிடுகிறது. பெட்ரோல் பணம் எப்படியும் நீங்கள் விடுமுறைக்குச் செலவழித்திருக்கக்கூடிய பணம். நன்கொடையோ இந்தப் பயணம் இல்லையென்றால் வந்தே இருக்காது. "ஆர்மீனியாவுக்கு ஏதாவது கொடுங்கள்" என்று சும்மா கேட்டால், அது எங்கே இருக்கிறது என்றே தெரியாத மனிதர் எதற்குக் கொடுப்பார்? பக்கத்து மேசையில் உட்கார்ந்திருக்கும் ஆள் ஏறக்குறைய 5,000 கிலோமீட்டர் ஓட்டப் போகிறான் என்றால் கொடுக்கிறார், தினமும் எங்கே போய்ச் சேர்ந்தோம் என்று பார்க்கிறார், அப்புறம் தன் தங்கையிடமும் சொல்லி வாங்கித் தருகிறார். ஐரோப்பாவிலிருந்து மங்கோலியாவை நோக்கிக் கார் ஓட்டிப்போகும், 2004இல் தொடங்கிய மங்கோல் ரேலி இந்த வழியில்தான் வளர்ந்தது: சின்ன இன்ஜின் கார், நீண்ட தூரம், கலந்துகொள்ளும் ஒவ்வொரு அணியும் குறைந்தது 1,000 பவுண்டு நிதி திரட்ட வேண்டும் என்ற விதி.

சரி, ஏன் ஆர்மீனியா என்று கட்டாயம் கேட்பார்கள், பதில் தயாராக இருக்கட்டும். 1988 டிசம்பர் 7 அன்று வட ஆர்மீனியாவில் ஸ்பிடாக் நகரைச் சுற்றி வந்த நிலநடுக்கத்தில் சுமார் 25,000 பேர் இறந்தார்கள், ஐந்து லட்சம் பேர் வரை வீடிழந்தார்கள். அப்போது லெனினகான் என்று அழைக்கப்பட்ட கியூம்ரி நகரத்தில் தற்காலிகம் என்று சொல்லி இரும்புப் பெட்டி வீடுகளைக் கொண்டுவந்து இறக்கினார்கள். அவற்றில் பிறந்தவர்களே அவற்றில் பிள்ளை பெற்று வளர்த்தார்கள். அப்புறம் 2023 செப்டம்பரில், அஜர்பைஜான் ராணுவம் கைப்பற்றிய, ஆர்மீனியர்கள் வாழ்ந்த நாகோர்னோ கராபாக் பகுதியிலிருந்து ஏறக்குறைய ஒரு வாரத்துக்குள் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் கையில் கிடைத்ததை எடுத்துக்கொண்டு ஆர்மீனியாவுக்குள் வந்தார்கள். மொத்தம் முப்பது லட்சம் மக்கள் உள்ள நாடு அது. வந்த குடும்பங்களுக்கு வாடகை, வேலை, பிள்ளைகளுக்குப் பள்ளி எல்லாமே புதிதாகத் தேட வேண்டியிருந்தது.

ஆனால் இவையெல்லாம் உட்கார்ந்த இடத்தில் படித்தே தெரிந்துகொள்ளக்கூடியவை. ஓட்டிப் போனால்தான் உறைப்பது அந்த எல்லை. நான்கு பக்கமும் நிலம் சூழ்ந்த நாடு, அதில் துருக்கி எல்லையும் அஜர்பைஜான் எல்லையும் பல பத்தாண்டுகளாக மூடிக் கிடக்கின்றன. ஜார்ஜியா வழியாக அல்லது ஈரான் வழியாகத்தான் தரையில் உள்ளே போக முடியும். துருக்கியில் கார்ஸ் நகரத்திலிருந்து கியூம்ரி நேராகப் போனால் எழுபது எண்பது கிலோமீட்டர்தான், ரயில் பாதையே இருக்கிறது, 1993இலிருந்து வண்டி ஓடவில்லை. நாங்கள் கார்ஸிலிருந்து ஆனி இடிபாடுகளுக்குப் போனோம். ஆயிரம் வருடம் முன்பு ஆர்மீனிய அரசர்களின் தலைநகரம் அது, இப்போது துருக்கிக்குள் இருக்கிறது. அங்கே நின்றால் கீழே பள்ளத்தில் அகுரியான் ஆறு, அந்தப் பக்கம் ஆர்மீனியா. ஒரு டிராக்டர் போவது கூடத் தெரிந்தது. தோழி அந்தக் கரையைப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை. அங்கே போய்ச் சேர நாங்கள் திரும்ப கார்ஸ் வந்து, வடக்கே அர்தகான் பக்கம் ஏறி, ஜார்ஜியாவுக்குள் நுழைந்து, அகல்கலாகி மேட்டுநிலத்தைச் சுற்றி, இரண்டு எல்லைச் சாவடிகளில் வரிசையில் நிற்க வேண்டியிருந்தது. ஒரு மூட்டை சிமெண்ட் கூட ஆர்மீனியாவில் ஏன் இவ்வளவு விலையாகிறது என்று யாரும் எங்களுக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை. 2023 பிப்ரவரியில் துருக்கியில் நிலநடுக்கம் வந்தபோது மூடிய எல்லையில் மார்கரா பாலத்தைத் திறந்து ஆர்மீனியாவிலிருந்து நிவாரண லாரிகள் துருக்கிக்குள் போயின, முப்பது வருடத்தில் முதல் தடவை. உங்கள் நிதிப் பக்கத்தில் இதை அவசியம் எழுதுங்கள், உதவி வாங்குகிற நாடு என்று மட்டும் ஆர்மீனியாவைக் காட்டுவது எனக்குப் பிடிக்காது.

எங்கள் பணம் கியூம்ரி இருக்கும் ஷிராக் மாகாணத்தில் ஒரு கிராமத்துப் பாலர் பள்ளிக்குப் போனது. கடல்மட்டத்திலிருந்து 1,500 மீட்டர் உயரத்துக்கும் மேலே இருக்கும் ஊர், குளிர்காலத்தில் மைனஸ் 20 வரை போகும். வீட்டுக்கு வீடு சாண வறட்டியைத் தட்டி, நம்மூரில் போலவே காயவைத்து அடுக்கி வைத்திருந்தார்கள், குளிருக்கு எரிக்க. பள்ளியில் பெரிய அறையின் நடுவில் ஒரு இரும்பு அடுப்பு, அதன் புகைக்குழாய் ஜன்னல் சட்டத்தைத் துளைத்து வெளியே போனது, கண்ணாடி இல்லாத இடங்களில் பாலித்தீன் தாள் ஆணியடித்திருந்தது, சட்ட இடுக்கில் பழைய துணி திணித்திருந்தது. ஜனவரியில் அடுப்புக்குப் பக்கத்தில் உட்காரும் பிள்ளைக்கு வேர்க்கும், சுவரோரம் இருக்கும் பிள்ளை குளிர்கோட்டைக் கழற்றாது என்று ஆசிரியை சொன்னார். எங்கள் நிதியில் அங்கே இரட்டைக் கண்ணாடி ஜன்னல்கள் போட்டார்கள். கியூம்ரி தச்சர்கள்தான் செய்தார்கள், கூலியும் அந்த ஊரிலேயே தங்கியது. நான் மெட்ராஸ்காரன் என்றதும் அந்த ஆசிரியைக்கு முகம் மலர்ந்துவிட்டது. உலகின் முதல் ஆர்மீனியப் பத்திரிகையான 'அஸ்தரார்' 1794இல் அச்சானது மெட்ராஸில்தானே.

அதனால் என்ன வேண்டும் என்று முதலில் அவர்களைக் கேளுங்கள். நாங்கள் பொம்மை என்று நினைத்திருந்த இடத்தில் அவர்கள் ஜன்னல் என்றார்கள். டிக்கியில் பழைய துணிமணியை அடைத்துக்கொண்டு போகாதீர்கள், சுங்கத்தில் ஒவ்வொரு மூட்டையையும் பிரித்துக் கணக்குக் கேட்பார்கள், அங்கே துணிக்கடைகளும் இருக்கின்றன, கடைக்காரர்களுக்கும் பிழைப்பு வேண்டும். கடைசியில் காரையே தானமாக விட்டுவிட்டு விமானத்தில் திரும்பலாம் என்ற யோசனை நிறையப் பேருக்கு வரும். ஆர்மீனியா 2015இலிருந்து, ரஷ்யா முதலான நாடுகள் பொதுவான சுங்க வரியோடு இயங்கும் யூரேசியப் பொருளாதார ஒன்றியத்தில் இருக்கிறது, வெளியிலிருந்து வரும் வண்டிக்கு இறக்குமதி வரி உண்டு, தற்காலிகமாகக் கொண்டுவந்த வண்டியை அப்படியே விட்டுவிட்டு வர முடியாது. தொண்டு அமைப்பு முன்கூட்டியே எழுத்தில் ஏற்பாடு செய்யாவிட்டால் திருப்பி ஓட்டிக்கொண்டு வந்துவிடுங்கள்.

வண்டிப் பத்திரம் ஓட்டுபவர் பெயரிலேயே இருக்கட்டும், இல்லாவிட்டால் உரிமையாளரிடமிருந்து சான்றொப்பம் பெற்ற அனுமதிக் கடிதம் வேண்டும். ஜார்ஜியாவுக்கும் ஆர்மீனியாவுக்கும் கட்டாயக் காப்பீட்டை எல்லையிலேயே வாங்கலாம். ஆர்மீனியாவில் பாதி வண்டிகள் எரிவாயுவில் ஓடுவது போல இருக்கும், எரிவாயு பங்க்குகளில் நிரப்பும்போது எல்லோரும் இறங்கித் தள்ளி நிற்பார்கள். பெட்ரோல் பங்க் என்று நினைத்து உள்ளே போய்விடாதீர்கள், பெயர்ப்பலகையைப் பார்த்துத் திரும்புங்கள்.

ஒன்று மட்டும் வற்புறுத்திச் சொல்வேன்: முடிவிடத்தை யெரெவான் என்று போடாதீர்கள். சதுக்கத்தில் நின்று கொடியோடு போட்டோ எடுப்பது அழகுதான், ஆனால் பணம் கொடுத்தவர்கள் பார்க்க வேண்டியது அந்த ஜன்னலை. பயணத்தைப் பள்ளி வாசலில் முடியுங்கள், யெரெவானுக்கு மறுநாள் போகலாம். ஷிராக் பக்கம் என்றால் ஜார்ஜியத் தலைநகர் டிபிலிசி வரை போய் சதக்லோ எல்லைச் சாவடி வழியாக இறங்கத் தேவையில்லை, ஜார்ஜியாவின் நினோட்ஸ்மிந்தா ஊரைத் தாண்டி பவ்ரா எல்லைச் சாவடியில் நுழைந்தால் நேராகக் கியூம்ரிதான்.