டிஜிட்டல் ரேஞ்ச்ஃபைண்டருக்கு முதல் வைட் லென்ஸ்: 21, 28, 35-ல் எது?

உங்களிடம் லைக்கா எம்-பி 240 என்ற டிஜிட்டல் ரேஞ்ச்ஃபைண்டர் கேமரா இருக்கிறது, 50 மி.மீ. லென்ஸ் ஒன்று இருக்கிறது. மாட்டுச் சந்தை, பவானி தறிக்கூடம், தேர் நோம்பி இதெல்லாம் எடுக்க முதல் வைட் லென்ஸ் (மி.மீ. எண் குறையக் குறையக் காட்சி அகலும்) வாங்க வேண்டும், 21, 28, 35-ல் ஒன்றுதான் வாங்க முடியும், எது என்று கேட்டிருக்கிறீர்கள்.

என் பதில் 28 மி.மீ., எஃப் 2.8. (எஃப் என்பது லென்ஸ் திறப்பின், அதாவது அப்பர்ச்சரின் அளவு; எண் சிறிதானால் திறப்பு பெரிது.) கண்ணாடி போடுகிறவராக இருந்தால் மட்டும் கீழே சொல்லும் சோதனையைச் செய்துவிட்டு 35-ஐ யோசியுங்கள். நானும் கோபி பக்கம்தான். நீங்கள் சொல்லும் இடங்களில்தான் நானும் கேமராவோடு சுற்றுகிறேன் என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

எஸ்எல்ஆரில் எந்த லென்ஸை மாட்டினாலும் அதன் வழியாகவே பார்க்கிறோம். ரேஞ்ச்ஃபைண்டரில் லென்ஸ் வழியாக இல்லாமல் தனி ஜன்னல் வழியாகப் பார்க்கிறோம், அதில் தெரியும் இரட்டைப் பிம்பத்தை ஒன்றாகச் சேர்த்து ஃபோகஸ் செய்கிறோம். அந்த ஜன்னல் மாறுவதே இல்லை, படத்தின் எல்லையைக் காட்டும், லென்ஸுக்கு ஏற்ற கோடு மட்டும் அதற்குள் வரும். உங்கள் கேமராவில் அந்தக் கோடுகள் ஜோடி ஜோடியாக வருகின்றன: 28-ம் 90-ம், 35-ம் 135-ம், 50-ம் 75-ம். 28-ஐவிட அகலமான லென்ஸுக்குக் கோடு கிடையாது. 21 வாங்கினால் மேலே ஃபிளாஷ் மாட்டும் இடத்தில் தனி வியூஃபைண்டர் ஒன்றைச் செருக வேண்டும், இல்லையென்றால் லைவ் வியூவில், அதாவது பின்பக்கத் திரையில் பார்க்க வேண்டும். ஒரு ஜன்னலில் ஃபோகஸ், இன்னொரு ஜன்னலில் ஃப்ரேம் என்று கண் அலைவதற்குள் சந்தைக் கூட்டத்தில் ஆள் நகர்ந்துவிடுவார். கட்டடம், மலை, நிலக்காட்சி மட்டும்தான் எடுப்பேன் என்றால் 21 நல்ல லென்ஸ். நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் உங்களுக்கு மனிதர்கள்தான் வேண்டும்.

சோதனைக்கு லென்ஸ்கூட வேண்டாம். எம்-பி 240-ல் லென்ஸுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன நெம்புகோல் இருக்கிறது. (சாதாரண எம் 240-ல் அதை எடுத்துவிட்டார்கள், எம்-பி-யில் திரும்பக் கொடுத்தார்கள்.) கேமராவை ஆன் செய்து அதை லென்ஸ் பக்கமாகத் தள்ளினால் 28-க்கான கோடு வரும், வெளிப்பக்கம் தள்ளினால் 35. வெயிலில் நின்று, கண்ணாடியைக் கழற்றாமல் பாருங்கள். 28 கோட்டின் நான்கு மூலையும் ஒரே பார்வையில் தெரிகிறதா? தெரிந்தால் 28 உங்களுக்கு ஒத்துவரும். கண்ணை இடம், வலம் உருட்டித்தான் ஓரத்தைப் பார்க்க முடிகிறது என்றால் 35 வாங்குங்கள், அதில் வருத்தப்பட எதுவும் இல்லை. கோட்டுக்கு வெளியே யார் நடந்து வருகிறார்கள் என்று முன்கூட்டியே பார்க்கும் சுகம் 35-ல் நன்றாகக் கிடைக்கும். 28-ல் கோடு ஜன்னல் ஓரத்துக்கே போய்விடுவதால் அது குறைவு. 35-க்கு ஆதரவாக இருப்பதிலேயே வலுவான காரணம் இதுதான்.

அப்படியானால் நான் ஏன் 28 என்கிறேன்? உங்களிடம் ஏற்கெனவே 50 இருப்பதால். பவானியில் ஒரு ஜமக்காளத் தறிக்கூடத்தை நினைத்துக்கொள்ளுங்கள். குழித்தறி, நெசவாளி குழிக்குள் காலை விட்டு உட்கார்ந்திருக்கிறார், உங்கள் முதுகுக்குப் பின்னால் சுவர். ஒன்றரை மீட்டருக்கு மேல் பின்னால் போக வழியில்லை. அந்தத் தூரத்தில் 50 மி.மீ. லென்ஸுக்குள் அடங்கும் அகலம் ஏறக்குறைய 1.1 மீட்டர். 35-க்கு 1.5 மீட்டர். 28-க்கு 1.9 மீட்டர். ஆளும் அவர் கையும் 50-க்குள் வந்துவிடும். 35-ல் தறியின் ஒரு பாதி கூடும். 28-ல்தான் ஆள், தறி, பக்கத்தில் கிடக்கும் நூல், ஜன்னல் வெளிச்சம் எல்லாம் ஒரே படத்தில் வந்து, அது ஒரு வேலை நடக்கும் இடம் என்று தெரியும். ஓர் அடி முன்னே பின்னே போனால் 35-க்கும் 50-க்கும் உள்ள வித்தியாசத்தைப் பாதி ஈடுகட்டிவிடலாம். 28-ஐ அப்படி ஈடுகட்ட முடியாது.

சந்தையில் வேறு ஒரு காரணம் இருக்கிறது. சித்திரையில் கன்னபுரம், ஆடியில் அந்தியூர், இல்லை உங்களுக்குப் பக்கத்தில் வாராவாரம் நடக்கும் ஏதாவது ஒரு சந்தை என்று வைத்துக்கொள்வோம். துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்து விலை பேசுகிறார்கள். அது சில நொடிகளில் முடிந்துவிடும், ஃபோகஸ் செய்ய நேரம் கிடைக்காது. தூரத்தை முன்பே வைத்துவிட்டுத்தான் போக வேண்டும். 28-ல் அப்பர்ச்சரை எஃப் 8-ல் வைத்து, ஃபோகஸை 2 மீட்டரில் நிறுத்தினால், லென்ஸில் பொறித்திருக்கும் அளவுப்படி சுமார் 1.25 மீட்டரிலிருந்து 5 மீட்டர் வரை கூர்மையாக வரும். அந்த அளவுகோல் ஃபிலிம் காலத்துக் கணக்கு. 24 மெகாபிக்சலில் பெரிதாக்கிப் பார்க்கிறவர்கள் ஒரு ஸ்டாப் (அப்பர்ச்சரில் ஒரு படி) குறைத்து, எஃப் 5.6-க்கான கோட்டைப் படிப்பது நல்லது, அதாவது 1.4-லிருந்து 3.5 மீட்டர் வரை. இதே 2 மீட்டர், எஃப் 8-ஐ உங்கள் 50-ல் வைத்தால் கிடைப்பது 1.7-லிருந்து 2.5 வரைதான், அதுவும் ஃபிலிம் கணக்கில். இந்த ஒரு விஷயத்துக்காகவே நான் 28-ஐ விடமாட்டேன்.

ஃபோகஸ் வளையத்தில் விரல் வைக்க ஒரு சின்ன கொக்கி இருக்கும் லென்ஸாக எடுங்கள். கொக்கி நேர் கீழே இருந்தால் எத்தனை மீட்டர், எந்தப் பக்கம் தள்ளினால் எத்தனை என்று விரலுக்குப் பழகிவிட்டால், கேமராவைக் கண்ணுக்குக் கொண்டுபோகும் முன்பே தூரம் தயாராகிவிடும்.

ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். 28-ல் எடுக்கும் ஆளோ மாடோ படத்தை நிறைக்க வேண்டுமென்றால் கிட்டப் போக வேண்டும். காங்கேயம் காளைக்கு ஒன்றரை மீட்டரில் நிற்பதற்கு முன், பிடித்திருப்பவரிடம் "ஏனுங்க, மாடு கிட்ட வர விடுமுங்களா?" என்று கேட்டுவிடுங்கள். பின்பக்கம் எக்காரணம் கொண்டும் போகாதீர்கள். கேட்டுவிட்டுப் போனால் மாட்டுக்காரரும் பேச ஆரம்பிப்பார், படமும் நன்றாக வரும்.

எஃப் 1.4, எஃப் 2 வேண்டுமா என்பது அடுத்த கேள்வி. வேண்டாம் என்பதே என் எண்ணம். இப்படி அதிகம் திறக்கும் வேகமான லென்ஸ் பெரிதாக இருக்கும், பெரிய லென்ஸும் அதன் முன்னால் மாட்டும் வெயில் மறைப்பான ஹூடும் வியூஃபைண்டரின் கீழ் மூலையை மறைக்கும். 28-ல் கோடு ஏற்கெனவே ஓரத்தில் இருப்பதால் மறைப்பது படத்துக்குள்ளேயே வந்துவிடும். எம் கேமராவில் ஆடி மேலே துள்ளும் அதிர்வு இல்லை, 28-ஐ 1/30 நொடியில் கையில் பிடித்தே எடுக்கலாம். தறிக்கூட வெளிச்சத்துக்கு ஐஎஸ்ஓ (சென்சாரின் ஒளியுணர்வு) 1600-ம் எஃப் 2.8-ம் பெரும்பாலும் போதும்.

எதை வாங்கலாம்? காசு இருந்தால் லைக்காவின் எல்மரிட் 28, எஃப் 2.8 ஆஸ்ஃபெரிக்கல். 2006-ல் வந்தது, 180 கிராம்தான் எடை, 2016-ல் திருத்திய பதிப்பும் வந்தது. செகண்ட் ஹேண்டில் பழைய பதிப்பே தாராளம். அடுத்து ஸைஸ் பயோகான் 28, எஃப் 2.8. கொஞ்சம் நீளம், ஆனால் அப்பர்ச்சர் மூன்றில் ஒரு ஸ்டாப்பாக நகர்வது எனக்கு மிகவும் பிடிக்கும். வாய்க்ட்லேண்டரின் கலர் ஸ்கோபார் 28, எஃப் 2.8 விலைக்கு ஏற்ற நல்ல லென்ஸ். மிகக் குறைந்த செலவில் 28 என்ன என்று பழகிப் பார்க்க டிடிஆர்ட்டிசான் 28, எஃப் 5.6 இருக்கிறது. வெளியில், பகலில், சந்தையில் அதை வைத்தே எல்லாம் எடுக்கலாம், தறிக்கூடத்துக்குள் திணறும்.

பழைய வைட் லென்ஸ் சல்லிசாகக் கிடைக்கிறது என்று யாராவது சொன்னால் ஒரு விஷயத்தைப் பாருங்கள். லென்ஸ் பொருந்தும் எம் மவுண்ட்டுக்கும் சென்சாருக்கும் இடையே 27.8 மி.மீ.தான். நடுவில் ஆடி இல்லாததால் லென்ஸின் பின்கண்ணாடியை இன்னும் உள்ளே தள்ளி, சமச்சீரான வடிவத்தில் செய்தார்கள். நேர்கோடு நேராகவே விழும், கோயில் தூண் வளையாது. ஃபிலிமுக்கு அது வரப்பிரசாதம். டிஜிட்டல் சென்சாரில் ஓரத்தில் விழும் ஒளி மிகவும் சாய்ந்து விழுவதால் மூலை இருண்டு, ஓரங்களில் மெஜந்தா சாயம் ஏறும். 28-ல் புதிய வடிவமைப்புகளில் இது பெரிய தொல்லை இல்லை. பழைய 15, ஸைஸ் 21 எஃப் 4.5 போன்றவற்றில் நன்றாகவே தெரியும். கறுப்பு வெள்ளையாக மாற்றினால் சாயம் பிரச்சினை இல்லை. வண்ணத்தில் வேண்டுமென்றால் வெள்ளை அட்டை ஒன்றை அதே அப்பர்ச்சரில் எடுத்து லைட்ரூமின் ஃப்ளாட் ஃபீல்ட் கரெக்‌ஷனில் கொடுத்துச் சரிசெய்யலாம். எந்த லென்ஸ் என்று கேமராவுக்குச் சொல்லும் குறியீடு இல்லாத லென்ஸ் என்றால் கேமரா மெனுவில் அதற்கு நெருக்கமான லைக்கா லென்ஸைக் கையால் தேர்ந்தெடுங்கள்.

நம் ஊர் வெயிலில் வைட் லென்ஸ் வானத்தை நிறைய உள்ளே இழுத்துக்கொண்டு முகத்தைக் கறுப்பாக்கிவிடும். கேமராவைக் கொஞ்சம் தரைப் பக்கம் சாய்த்து, பட்டனைப் பாதி அழுத்திப் பிடித்துக்கொண்டு, பிறகு நிமிர்த்தி எடுங்கள். அவிநாசித் தேரை முழுதாக அடக்க வேண்டும் என்று கேமராவை மேலே தூக்கினால் தேர் பின்னால் சாய்வது போல விழும். பின்னால் தள்ளி நின்று, கேமராவை நேராகப் பிடித்து, கீழே வடம் பிடிக்கிறவர்களையும் சேர்த்து எடுத்தால் தேரின் உயரம் இன்னும் நன்றாகத் தெரியும். ஓரத்தில் யார் முகத்தையும் விட்டுவிடாதீர்கள், இழுபட்டுப் போகும்.

அப்புறம், மஞ்சள் மண்டிக்குள் நின்று லென்ஸ் மாற்ற வேண்டாம். எஃப் 8, எஃப் 11-ல் எடுக்கும்போது சென்சாரில் ஒட்டிய ஒவ்வொரு தூசியும் வானத்தில் புள்ளியாக வரும்.

செகண்ட் ஹேண்ட் என்றால், ஊட்டி, வால்பாறை போன்ற ஈரமான இடத்தில் அலமாரியில் கிடந்த லென்ஸா என்று கேளுங்கள். போன் டார்ச்சைப் பின்பக்கத்திலிருந்து அடித்து முன்னால் பார்த்தால் பூஞ்சை நூல் நூலாகத் தெரியும், லேசான தூசியைப் பொருட்படுத்த வேண்டாம். கடைசியாக, லென்ஸை மாட்டி, ஃபோகஸை முடிவிலியில் வைத்து, சென்னிமலை போலத் தூரத்தில் இருக்கும் ஏதாவது ஒன்றைப் பாருங்கள். இரட்டைப் பிம்பம் ஒன்றாகச் சேர வேண்டும். சேராவிட்டால் உங்கள் 50-ஐ மாட்டி அதே இடத்தைப் பாருங்கள். அதிலும் சேரவில்லை என்றால் சரிசெய்ய வேண்டியது கேமரா. 50-ல் சேர்ந்து 28-ல் சேரவில்லை என்றால் அந்த லென்ஸை எடுக்காதீர்கள்.